விதைப்பூண்டுக்கு நடுவே ஒரு லேப்டாப்

அப்பா பரணிலிருந்து என் லேப்டாப்பை இறக்கிக்கொண்டிருந்தார்.

ஏணியில் பாதியில் நின்றபடி, துவைத்த வேட்டியில் சுற்றிய அந்தப் பொதியை இரண்டு கைகளாலும் ஏந்தி என்னிடம் நீட்டினார். முகத்தில் அப்படியொரு நிறைவு. ஆஸ்பத்திரியில் நர்சம்மா துணியில் சுற்றிய பிள்ளையைக் கொண்டுவந்து நீட்டுவார்களே, அந்த முகம்.

“இந்தா தாயி. ஊரெல்லாம் பூசணம் பூத்துக் கெடக்கு. இதுல ஒரு சொட்டு ஈரம் இல்ல. தொட்டுப் பாரு.”

தொட்டேன். சுட்டது.

வேட்டியைப் பிரித்தேன். மூடி நடுவில் வளைந்து ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. எழுத்துச் சாவிகளின் இடுக்கில் பிசுபிசுவென்று கரி. மூக்கருகே கொண்டுபோனால் பூண்டு வாசம். வெளியே தகரக் கூரையில் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை என் வாழ்க்கை திசை மாறப்போகிறது என்று நான் நம்பியிருந்த வாரம் அது.

சுள்ளென்று விழுகிறவள்

போன வாரம் லாட்ஜ் கதையை எழுதியதற்கு ஒரு வாசகி கோபித்துக்கொண்டிருக்கிறார். ‘கோடைக்கானல் எவ்வளவு குளுமையான ஊர், நீங்கள் மட்டும் ஏன் எப்போதும் சுள்ளென்று விழுகிறீர்கள்’ என்று கேட்டிருக்கிறார். அம்மா, குளுமை சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு. இங்கேயே கிடக்கிறவர்களுக்கு அதன் பெயர் ஈரம். இந்த வாரத்தைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள், நான் சுள்ளென்று விழலாமா கூடாதா என்று.

தொடரை இடையில் பிடித்தவர்களுக்காக ஒரு வரி. நான் மேல்மலைக்காரி. கோடைக்கானல் டவுனைத் தாண்டி மேற்கே போனால் அடுக்கடுக்காய்ப் பூண்டு வயல்கள் வருமே, அந்தப் பக்கம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன். படித்ததற்கு அடையாளமாக செண்பகனூர் பக்கம் ஒரு லாட்ஜில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ‘ரூமில் ஹீட்டர் இருக்கா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல பைனரி தேடல், தரவு அமைப்பு எல்லாம் எவ்வளவு உதவியது என்று உங்களுக்கே தெரியும்.

ஈரம் படக்கூடாததெல்லாம்

பரணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவை ஒரு கிறுக்கன் என்று நினைத்துவிடுவீர்கள். அந்தப் பட்டம் அவருக்குப் பிற்பாடு வேறொருவர் கொடுத்தார்.

எங்கள் மேல்மலை வீடுகளில் அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரப்பி ஒரு பரண் கட்டியிருப்பார்கள். பிடுங்கிய பூண்டைக் கட்டுக்கட்டாக முடிந்து அங்கே தொங்கவிடுவோம். அடுப்புப் புகை ஏறி ஏறி, தோல் பழுப்பாகி, பூண்டு மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும். அதிலும் நடுவில், புகையும் சூடும் நன்றாக ஏறுகிற இடம், விதைப்பூண்டுக்கு. அடுத்த வெள்ளாமையே அதில்தான் இருக்கிறது.

பூண்டு மட்டுமா? ஈரம் படக்கூடாத எல்லாவற்றுக்கும் எங்களுக்கு ஒரே போக்கிடம் பரண்தான். உப்புச் சாடி, தீப்பெட்டி, அம்மாவின் கல்யாணப் பட்டு, அப்பாவின் பழைய ரேடியோ எல்லாம் அங்கே. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் அங்கேதான் இருந்தது. கல்லூரியில் சேரப் போனபோது அதை வாங்கிய மேடம் முகர்ந்து பார்த்துவிட்டு, “வீட்ல தீ விபத்தாம்மா?” என்று பரிவோடு விசாரித்தார்.

மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் செருப்பு பச்சை பிடிக்கும். பெல்ட் வெள்ளை பூக்கும். ராத்திரி மடித்து வைத்த துணி காலையில் பிழியலாம் போலிருக்கும். இதற்கெல்லாம் தப்பிய பொருள் வேண்டுமென்றால் பரணில் ஏற்ற வேண்டும். அப்பாவுக்கு இது அறிவு. அவர் அப்பாவுக்கும் அதுவே அறிவு.

நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்

லாட்ஜில் ஒருத்தர் வந்து பல நாள் தங்கியிருந்தார். பெங்களூரில் கம்பெனி வைத்திருந்தவர். செண்பகனூரில் பழைய பங்களா ஒன்றை எடுத்து, செயலி செய்கிற ஆபீஸ் போடப்போவதாகச் சொன்னார். பெயர் வேண்டாம். பங்களாக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். நல்ல தமிழ், நிறைய ஆங்கிலம். ‘சார்’ என்றால் சங்கடப்படுவார். அப்படிப்பட்டவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் என்று தெரிந்ததும் வியந்துபோனார். பில் மேசையில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

“உங்க கையால ஒரே ஒரு ஆப் பண்ணிக் கொண்டு வாங்க. சின்னதா இருந்தாலும் பரவால்ல. ஆனா ஓடணும். ஓடுற ஆப்போட வந்தீங்கன்னா உங்களுக்கு சீட் ரெடி.”

சீட் ரெடி. அந்த இரண்டு வார்த்தையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். பூண்டு வயலுக்கும் ‘ஹீட்டர் இருக்கா’வுக்கும் நடுவில் மக்கிக்கொண்டிருந்த என் படிப்புக்கு முதல் தடவையாக ஒரு வாசல் தெரிந்தது. அது போனால் அடுத்த வாசல் கோயம்புத்தூரிலோ சென்னையிலோதான். வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.

என்னிடம் இருந்தது பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப். செயலி கட்ட என்னென்ன கருவி வேண்டும் என்று காட்டும் காணொளி ஒன்றைப் பார்த்தேன். அதில் ஒரு பையன் காபி குடித்தபடி, “நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ், அவ்ளோதான்!” என்றான். அவன் வீட்டு இணையம் அப்படி. எங்கள் ஊரில் வயல் மேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு சிக்னல் வரும். குறுஞ்செய்தி போகும், பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். அவ்வளவுதான் எங்கள் டிஜிட்டல் புரட்சி.

ஆகவே லாட்ஜ் வைஃபை. அதன் பாஸ்வேர்டை வருகிற போகிற எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பவள் நான்தான். ஆனால் நான் போட்டுக்கொள்ளக் கூடாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்களே, இங்கே பூசாரி மேனேஜர் சேவியர் அண்ணன்.

“ஏம்மா, கெஸ்ட் எல்லாம் நெட் ஸ்லோன்னு கம்ப்ளெயின்ட் பண்றாங்க. நீ என்ன, சினிமா எறக்குறியா?”

“சினிமா இல்லண்ணே. ஆப் செய்யுற சாமான்.”

“எந்தச் சாமானா இருந்தாலும் சீசன் முடியட்டும்.”

சீசன் முடிந்தது. இறக்க ஆரம்பித்தேன். முதலில் பெரிய மென்பொருள். அது இறங்கியதும், “இன்னும் கொஞ்சம் வேண்டும்” என்றது. அந்தக் கொஞ்சம் முதலில் இறங்கியதைவிடப் பெரியது. பாதியில் கரெண்ட் போகும். மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால் எங்கோ ஒரு கம்பி அறும். மறுபடி முதலிலிருந்து. யானைப் பசிக்குச் சோளப்பொரி போடுவது போல நாளுக்குக் கொஞ்சமாகப் போட்டு, ஒருவழியாக ஒரு சாயங்காலம் ‘ஃபினிஷ்’ என்ற பட்டன் வந்தது. அழுத்தினேன். திரை அப்படியே நின்றுவிட்டது.

லேப்டாப்பின் நினைவகம் போதவில்லை. மென்பொருளைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டு வந்தால் அது விழித்திருக்கும். அதற்குள்ளேயே ஒரு போலி போன் உண்டு, செயலியை அதில் ஓட்டிப் பார்க்கலாம் என்று காணொளிப் பையன் சொன்னான். ஓட்டினேன். உள்ளே இருக்கிற காற்றாடி கத்திய கத்தலில் மாடி அறைக்காரர் கீழே இறங்கி வந்து ஜெனரேட்டரா என்று கேட்டார்.

போன் சொன்ன வார்த்தை

போலி போன் வேண்டாம், நிஜப் போனைக் கேபிளில் மாட்டி ஓட்டலாம் என்று பிறகு கண்டுபிடித்தேன். அதில் இன்னொரு கூத்து. என்னிடம் இருந்த கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும், தகவல் ஏற்றாது. அப்படி ஒரு ஜாதிக் கேபிள் இருக்கிறதென்றே யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பல நாள் அந்தப் போனும் லேப்டாப்பும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்ட சம்பந்திகள் போல, ஒன்றையொன்று தெரியாத மாதிரி கிடந்தன. யாரோ அறையில் மறந்துவிட்டுப் போன தடித்த கேபிள் ஒன்றுதான் அவர்களைப் பேச வைத்தது.

அதற்கு முன்னால் போனில் ஒரு பூட்டைத் திறக்க வேண்டும். அமைப்புகளுக்குள் போய், கடைசியில் ஒரு எண் இருக்கும், அதை விடாமல் தட்ட வேண்டும். தட்டத் தட்ட, ‘டெவலப்பர் ஆக இன்னும் சில படிகளே உள்ளன’ என்று ஆங்கிலத்தில் சொல்லும். இன்னும் தட்டினால், ‘நீங்கள் இப்போது ஒரு டெவலப்பர்!’ என்று ஆச்சரியக்குறியோடு வரும்.

சிரிக்காதீர்கள். அந்த வரியைப் பார்த்துக்கொண்டு லாட்ஜ் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். கண் கலங்கிவிட்டது. போன் எல்லோரிடமும் அதைத்தான் சொல்லும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கலங்கியது. என்னை அப்படி அழைத்தது இந்த உலகத்தில் அந்தப் போன் ஒன்றுதான், இன்றைய தேதி வரைக்கும்.

மஞ்சு, மழை, வெயில்

என்ன செயலி செய்வது? காணொளியில் எல்லோரும் ‘ஹலோ வேர்ல்டு’ என்று எழுதிக் காட்டினார்கள். உலகத்துக்கு வணக்கம் சொல்ல எனக்கு ஒன்றும் அவசியம் இல்லை. அது எனக்கு ஒரு தடவையும் வணக்கம் சொன்னதில்லை.

எனக்கு அவசியமாக இருந்தது ஒன்றுதான். சாயங்காலம் வேலை முடிந்ததும் மேலே நிலவரம் என்னவென்று தெரிய வேண்டும். மழை வலுத்தால் மரம் விழும், மண் சரியும், கடைசி பஸ் பாதி வழியில் நின்றுவிடும். முன்கூட்டித் தெரிந்தால் டவுனில் தோழி வீட்டிலேயே தங்கிவிடலாம். போன் போட்டால் பேச்சு கேட்காது. அப்பாவுக்குக் குறுஞ்செய்தி எழுத வராது.

ஆகவே மூன்று பட்டன். மஞ்சு, மழை, வெயில். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அகலத்துக்கு. எதைத் தொட்டாலும் என் எண்ணுக்கு ‘மேலே மழை’ என்றோ ‘மேலே மஞ்சு’ என்றோ செய்தி தயாராக நிற்கும். அனுப்ப இன்னொரு தட்டு. அவ்வளவுதான் என் செயலி. அதைக் கட்டி முடிக்கிறதுக்குள் எத்தனை சிவப்பு எழுத்துப் பிழைகள் வந்தன என்று சொன்னால் ஆசிரியர் இந்தப் பக்கத்தையே வெட்டிவிடுவார்.

என் போனில் ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் போனிலும் ஏற்றினேன். வயல் மேட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

“இது நீ செஞ்சதா?”

“ஆமாப்பா.”

“கடையில வாங்குனது இல்லையே?”

“இல்லப்பா. நானே செஞ்சது.”

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ‘வெயில்’ என்பதைத் தொட்டு, அனுப்பவும் ஒரு தட்டு தட்டினார். என் கையிலிருந்த போன் சிணுங்கியது. திடுக்கிட்டுப் பின்வாங்கினார். பிறகு ஊரில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி, வெயிலையும் மழையையும் மாறி மாறி அனுப்பிக் காட்டினார். அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு வந்த வானிலையை நம்பியிருந்தால் மேல்மலையில் ஒரே நாளில் மூன்று பருவமும் வந்துபோயிருக்க வேண்டும்.

பங்களாக்காரருக்குச் சொன்னேன். “ஃபென்டாஸ்டிக்! வர்ற மண்டே லேப்டாப்போட வாங்க. ஆப் எப்படி எழுதியிருக்கீங்கன்னு உக்காந்து பாக்கலாம்” என்றார்.

மறுபடி பரண்

அந்த வாரம்தான் மழை பிடித்தது. நனைந்துவிடப் போகிறதே என்று லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்கு வந்தேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போன் சிணுங்கியது. ‘மேலே மழை.’

கெட்டிக்காரச் செயலி. எதற்காகச் செய்தேனோ அதைச் சரியாகச் செய்தது. நான் டவுனில் தங்கிவிட்டேன். மறுநாளும் ‘மேலே மழை’. அதற்கு மறுநாளும் அதுவே. வழியில் மரம் விழுந்து பஸ்ஸையே நிறுத்திவிட்டார்கள்.

மேலே வீட்டில் அப்பாவுக்குக் கவலை. மகள் பெரிய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய சாமான், சுவரெல்லாம் தண்ணீர் கசிகிறது, பூசணம் பிடித்துவிட்டால்? பரணில் ஏற்றினார். சும்மா ஏற்றவில்லை. விதைப்பூண்டைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த நடு இடத்தில் வைத்தார். மழைக் குளிருக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக விறகு போட்டு, அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டார்.

மரத்தை வெட்டி பஸ் விட்டதும் நான் வீடு வந்து சேர, இப்போது தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டோம். என் கையில் சுடச்சுட லேப்டாப். பட்டனை அழுத்துகிறேன். அழுத்திக்கொண்டே இருக்கிறேன்.

“அழுத்திப் புடி தாயி, ஆறட்டும், வந்துரும்” என்கிறார் அப்பா.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். “நான் அப்பவே சொன்னேன், அது கரெண்டு சாமான், கருவாடா பூண்டா மேல ஏத்தன்னு. இந்த மனுசன் கேட்டாத்தான?”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. நான் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று எழுத மாட்டேன். கோபம் நியாயமான கோபம், இன்றும் அதில் ஒரு சொல்லைக்கூடத் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டேன். அப்பா ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மழையில் இறங்கி வயலுக்குப் போய்விட்டார். வயலில் அன்று ஒரு சோலியும் இல்லை.

டவுனில் ரிப்பேர் கடைக்காரர் திறக்காமலே மோந்து பார்த்துச் சொன்னார். “போர்டு போயிருச்சும்மா. உள்ள டிஸ்க்கு ஒருவேள தப்பிச்சிருக்கலாம். அதத் தனியாக் கழட்டி நல்ல மெசின்ல மாட்டிப் பாக்கணும். நம்மகிட்ட அதுக்கு வசதி இல்ல.”

ஒருவேளை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு திங்கட்கிழமை பங்களாவுக்குப் போனேன். கையில் செத்த லேப்டாப். மற்றொரு கையில் உயிரோடிருக்கும் போன். அதில் என் மூன்று பட்டன்.

சாக்ஸ் போட்ட ஆபீஸ்

பங்களாவுக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. எல்லோரும் கம்பளி சாக்ஸ். கணப்பு எரிந்துகொண்டிருந்தது. புகையே இல்லாத கணப்பு. எங்கள் அடுப்புக்கு அது வாய்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

லேப்டாப்பைப் பார்த்ததும் அவர் என்ன ஆயிற்று என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். அதுதான் நான் செய்த காரியம். கரெண்ட் ஷாக், மழையில் நனைந்தது என்று ஏதாவது சொல்லியிருந்தால் ஒரு சாதாரண அனுதாபத்தோடு போயிருக்கும்.

“வெயிட், வெயிட். பூண்டு கூடவா? அப்பா இத ஸ்மோக் பண்ணிட்டாரா?”

“ஈரம் படக்கூடாதுன்னு வச்சாருங்க.”

“ஓ மை காட். கைஸ்! எல்லாரும் இங்க வாங்க. இத நீங்க கேட்டே ஆகணும்.”

சாக்ஸ் கால்கள் சத்தமில்லாமல் வந்து சூழ்ந்தன. மறுபடி சொன்னேன். சிரித்தார்கள். தாமதமாக வந்த ஒருத்திக்காக இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். அவளும் சிரித்தாள். லேப்டாப் கைக்குக் கை போனது. ஒவ்வொருவரும் முகர்ந்து பார்த்தார்கள். ஒருவன் போட்டோ எடுத்தான்.

என் கையில் போன் இருந்தது. செயலியைத் திறந்து தயாராக வைத்திருந்தேன். யாரும் பார்க்காததால் திரை தானாக அணைந்தது. தட்டினேன். மறுபடி அணைந்தது. மறுபடி தட்டினேன்.

“ஆப் ஓடுதுங்க. ஒரு தடவ பாத்துருங்க” என்றேன்.

“கண்டிப்பா, கண்டிப்பா. நெக்ஸ்ட் வீக் உக்காரலாம்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். சிரித்ததில் வந்த கண்ணீர். “ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க பேசுற விதம் இருக்கே, சூப்பர். உங்களுக்கு எதுக்கு கோடிங்? நீங்க ஃப்ரண்ட் டெஸ்க்ல இருங்க. வர்றவங்களுக்கு இந்த மலையோட முகமே நீங்கதான்.”

“இந்த லேப்டாப்ல டிஸ்க்கு தப்பிச்சிருக்கலாம்னு சொல்றாங்க…”

“விட்டுட்டுப் போங்க. நம்ம பசங்க எடுத்துப் பாப்பாங்க.”

விட்டுவிட்டு வந்தேன். ஃப்ரண்ட் டெஸ்க்கையும் ஒத்துக்கொண்டேன். ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்பவர்களுக்கு: உள்ளே இருந்தால்தானே ஒரு நாளாவது அந்த ‘நெக்ஸ்ட் வீக்’ வரும்? லாட்ஜில் ‘ஹீட்டர் இருக்கா?’ என்றார்கள். இங்கே ‘காபி ஃபில்டரா?’ என்றார்கள். முன்னேற்றம்தான்.

சுவரில்

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் வந்து பார்த்தால் வரவேற்பறைச் சுவரில் என் லேப்டாப் தொங்குகிறது. இரண்டு பக்கமும் பூண்டுக் கட்டு, மேலே ஒரு சின்ன விளக்கு. கீழே பித்தளைத் தகட்டில் ஆங்கில வாசகம். அதை இங்கே தமிழில் தருகிறேன்: ‘மலைக்காரர்கள் தகவலைப் பாதுகாக்கும் முறை’. பக்கத்தில் சிரிக்கும் வட்ட முகம்.

எல்லோரும் போன பிறகு நாற்காலி போட்டு ஏறி, அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். ஸ்க்ரூக்களின் தலையில் அடுப்புக் கரி அப்படியே இருந்தது. ஒருவரும் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. என் செயலிக்காக நான் எழுதிய நிரல் அதற்குள் தப்பியிருந்ததோ இல்லையோ, பார்ப்பதற்குக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் அங்கே இருந்தேன். வருகிற விருந்தாளிகள் அந்தச் சுவரைப் பார்த்துக் கேட்பார்கள். கதை சொல்ல வேண்டியது என் வேலை. சொன்னேன். வயிற்றெரிச்சலோடு, நன்றாகவே சொன்னேன்.

பிறகொரு நாள் அப்பா பூண்டுக் கட்டு இறக்க டவுனுக்கு வந்தவர், சேர்ந்து ஊருக்குப் போகலாம் என்று பங்களாவுக்கே வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரக் கால் தரையில் படுமே என்று ஓரமாக நின்றார். அப்போது சுவரைப் பார்த்தார்.

நான் மேசையைச் சுற்றி எழுந்து வருவதற்குள் கிட்டப் போய்விட்டார். அண்ணாந்து வெகு நேரம் பார்த்தார். திரும்பியபோது அவர் முகத்தில், அன்று ஏணியில் பார்த்த அதே நிறைவு.

“பாத்தியா தாயி. அன்னைக்கி என்னைய அம்புட்டு ஏசுன. படிச்சவங்க எப்பிடி மதிச்சு, பூண்டு கூடயே ஒசரத்துல மாட்டி வெளக்குப் போட்டு வச்சிருக்காங்க.”

சத்தம் கேட்டுப் பங்களாக்காரர் வெளியே வந்தார். யார் என்று தெரிந்ததும் ஓடிவந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “ஐயா, நீங்கதானா அது! உங்களப் பத்திப் பேசாத நாளே இல்லங்க.” அப்பாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சுவரடியில் அவரை நிறுத்தி, தோளில் கைபோட்டு, பங்களாக்காரர் தன் போனை என்னிடம் நீட்டினார். “நீங்களே எடுங்க. ஐயா, நல்லா சிரிங்க!”

அப்பா சிரித்தார். போட்டோவுக்குச் சிரித்துப் பழகாதவர். பல் முழுக்கத் தெரிய, கண் இடுங்க, உள்ளபடியே சிரித்தார். நான் எடுத்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்கார வைத்துவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

“கீழ பித்தளையில என்னமோ எழுதியிருந்துச்சே. எம்பேரா?”

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த இடத்துக்காக ஒரு பொய்யைச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. எழுதியிருந்ததைச் சொன்னேன். சிரிக்கிற முகத்தையும் சொன்னேன். அது எதற்கு என்பதையும் சொன்னேன்.

அப்பா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மஞ்சு இறங்கி, டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, என் மூன்று பட்டனையும் திறந்து பார்த்தார்.

“இது ஓடுதுல்ல?”

“ஓடுதுப்பா.”

“இத அவுக பாத்தாகளா?”

“இல்லப்பா.”

“ஒரு தடவகூடவா?”

“ஒரு தடவகூட இல்ல.”

போனை மூடிப் பைக்குள் வைத்தார். பையின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

“அப்ப நான் அங்கன நின்னு பல்லக் காட்டிச் சிரிச்சேனே, அது?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணாடியில் நாங்கள் இருவர் மட்டும் தெரிந்தோம்.

“போட்டோ நல்லா விழுந்திருக்குப்பா” என்றேன்.

மறுநாளிலிருந்து நான் பங்களாவுக்குப் போகவில்லை. ஒருவரும் கூப்பிடவும் இல்லை. அந்தப் போட்டோ அவர்கள் இணையப் பக்கத்தில் இன்றும் முதலில் வருகிறது.